கோணூசியும் குத்தூசியும்

பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு மூட்டைகளின் மீது ஒரு தனிக் கண் இருந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், சுங்கச் சாவடிகள் அமைந்த பெருவழியிலே மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தைக் காட்டுகிறார். இருபுறமும் எடை ஒத்துத் தொங்கும் அப்பொதிகள் அவருக்குப் பலாப்பழங்களை நினைவூட்டுகின்றன. சுமந்து சுமந்து தழும்பேறிய கழுதையின் முதுகும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. பட்டினப்பாலையிலோ காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றம். சுங்கம் கொள்வோர் புலிச்சின்னம் பொறித்து அடுக்கிய மூடைகளின் குவியல்மீது நாயும் ஆட்டுக்கடாவும் ஏறித் துள்ளுகின்றன. மூடை என்ற அந்தச் சொல்தான் இன்று நம் வாயில் மூட்டையாக வழங்குகிறது.

ஆனால் இரண்டு இடங்களிலும் மூடை கட்டி முடிக்கப்பட்ட பின்னரே நம் கண்ணுக்குக் காட்டப்படுகிறது. அதன் வாயைத் தைத்தவர் யார், எந்த ஊசியால் தைத்தார், அந்த ஊசி மழுங்கினால் என்ன செய்தார் என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. புலவரைக் குறை சொல்வதற்கில்லை. முத்திரை குத்திய கையை வரலாறு எப்போதும் நினைவில் வைத்துக்கொள்கிறது. தைத்த கையை மறந்துவிடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் மண்டிகளையும் ஆலைகளையும் முன்வைத்து, அந்தத் தைத்த கையின் கருவிகளைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் சொற்கள். கோணி என்பது பாணினியின் சூத்திரத்திலேயே இடம்பெற்ற பழஞ்சொல். ஆங்கிலத்தின் ‘கன்னி’ப் பையும் அதன் வழியே பிறந்ததுதான். சாக்கு ஐரோப்பியர் கப்பலில் வந்திறங்கிய சொல். சணல் என்ற பெயர் முன்பு நம் வயல்களில் விளைந்த சணப்பின் நாருக்கு உரியதாக இருந்து, பின்னர் வங்காளத்துச் சணலுக்கு மாறிப்போனது. 1855ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன்பின் பெருகிய ஆலைகளின் சாக்குகள் நாடெங்கும் பரவின. சிப்பம் என்றொரு சொல்லும் உண்டு. அகராதிக்குள் ஒடுங்கிவிட்ட சொல் என்று நகரத்து நண்பர்கள் நினைக்கலாம். பரமத்திவேலூர்ப் பக்கத்துப் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குச் சென்றால், 30 கிலோ கொண்டது ஒரு சிப்பம் என்ற கணக்கில் அச்சொல் இன்றும் ஏலத்தில் ஒலிப்பதைக் கேட்கலாம்.

வெல்லம், திருச்செங்கோட்டுக் கூட்டுறவு ஏலத்திற்கு வரும் பருத்தி, மஞ்சள் என இச்சமவெளி மூட்டை கட்டுகிற பொருள்கள் பல. எனினும் மூட்டையை இப்பகுதியின் அன்றாடமாக்கியது ஜவ்வரிசிதான். 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோயின. அந்த வெற்றிடத்தில், சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு தொழிலைத் தொடங்கியதாக இத்தொழிலின் வரலாறு கூறுகிறது. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என ஆலைகள் பரவின. இடைத்தரகர்களிடமிருந்து உற்பத்தியாளர்களைக் காக்க 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தொழிலின் வழக்கமான மூட்டை 90 கிலோ. இந்த எண்ணை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

மூட்டையின் வாயைத் தைப்பது கோணூசி. கோணியூசி என்பது ஏட்டு வழக்கு. சாண் நீளத்திற்குச் சற்றுக் குறைவான இரும்பூசி. முனைப்பகுதி சிறிதே வளைந்து, தட்டையாகி, ஓரங்கள் கூர்மை பெற்றிருக்கும். வளைவு வீணுக்கு இல்லை. நிரம்பிய சாக்கில் ஊசியை நேராகக் குத்தினால் மறுபக்கம் எடுக்க இயலாது. குத்திய பக்கமே மேலெழுந்து வர வேண்டும். தைப்பவர் முதலில் ஒரு மூலையைத் திரட்டிக் காது கட்டுவார், பிறகு வாயை மடித்துத் தைத்துக்கொண்டே போய் மறுமூலையில் இன்னொரு காது கட்டி முடிப்பார். பின்னால் மூட்டையைத் தூக்குகிறவருக்கு அந்த இரண்டு காதுகளே பிடி.

இவ்வூசியைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை; விரல் போதும். முதலில் கண் பார்க்கப்பட வேண்டும். ஊசிக் கண்ணின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் அது சணலை ஒவ்வோர் இழுப்பிலும் அராவும். மூட்டை தைக்கும்போது அறுந்தால் பாதகமில்லை, லாரியின் மேலடுக்கில் அறுந்தால்தான் வினை. அடுத்தது முனை. மழுங்கிய முனை சாக்கின் இழைகளை விலக்காமல் கிழித்துக்கொண்டு செல்லும். மூன்றாவது உடல். ஒருமுறை நன்றாக வளைந்துபோன ஊசியைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துவது நம் சிக்கன மரபு. வளைந்து நிமிர்ந்த இடத்தில் இரும்பு தளர்ந்துபோகிறது. பிறிதொரு நாள் அங்கேதான் ஒடியும். ஒடிந்த முனை மூட்டைக்குள் விழுந்தால் யாருடைய பாயசத்தில் அது எழும் என்று யாரறிவார்? துருவுக்கு எண்ணெய் பூசலாமே என்றால், ஜவ்வரிசியின் விலை அதன் வெண்மையில் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்து வைப்பதே இங்கு பராமரிப்பு.

குத்தூசியோ வேறு குலம். உள்ளே குழிவாக, முனை கூர்ந்து, பிடி திறந்திருக்கும். மூட்டையின் விலாவில் செருகினால் குழிவின் வழியே தானியம் வழிந்து வணிகரின் உள்ளங்கைக்கு வரும். மேலே நல்ல சரக்கும் நடுவே மட்டமும் வைத்துக் கட்டிய மூட்டை இதனிடம் மறைக்க முடியாது. விடுதலை இதழில் ‘பலசரக்கு மூட்டை’ என்ற பகுதியை எழுதிய சா. குருசாமி (1906 - 1965) தமக்குக் குத்தூசி என்று பெயர் சூட்டிக்கொண்டதன் பொருத்தம், மண்டியில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கே முழுமையாக விளங்கும்.

ஆயினும் சாட்சி சொல்லும் கருவி தூய்மையாக இருந்தாக வேண்டும். முந்தைய மூட்டையின் ஈர மணி இரண்டு குழிவில் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த மூட்டையைப் பற்றிப் பொய் சொல்லும். மக்காச்சோள மாவுக் கலப்படம் பற்றிய புகார்கள் எழுந்த இத்தொழிலில், மாதிரி எடுக்கும் குழிவைத் துடைக்காமல் விடுவது சிறிய அலட்சியமாகாது. சணல் சாக்கில் குத்திய துளையைக் குத்தூசியின் முனையாலேயே தேய்த்தால் இழைகள் மீண்டும் கூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைச் சாக்கு அப்படி மன்னிப்பதில்லை.

இனி எனக்கு உறுத்தலான பகுதிக்கு வருகிறேன். மூட்டையைச் சூழ்ந்துள்ள கருவிகளில் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டது எது? தராசும் எடைக்கல்லும். பலம், வீசை, மணங்கு என்று நாற்பது பலம் ஒரு வீசையாகவும் எட்டு வீசை ஒரு மணங்காகவும் எண்ணிவந்த நம் கணக்கை 1956ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றி, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. 2009இல் இயற்றப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் விதிப்படி எடைக்கற்களும் கோல் தராசும் இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும். காவிரிப்பூம்பட்டினத்துப் புலிப்பொறியின் வழித்தோன்றல் என்றே இதைச் சொல்லலாம். மிகவும் நல்லது. ஏமாற்று எடை எளியவரைத்தான் முதலில் வதைக்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பாரந்தூக்கிகளையும் அவற்றின் சங்கிலி, கயிறு முதலியவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் ஆராய வேண்டும் என்று விதித்தது. எனவே இயந்திரத்தில் தொங்கும் கொக்கிக்கு ஓர் ஏடு, ஒரு தேதி, ஒரு கையொப்பம் உண்டு. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறக்குபவரின் கையிலிருக்கும் கொக்கிக்கு அப்படி எதுவும் கிடையாது. அதை ஆராயும் தகுதியுடையவர் அவர் மட்டுமே. ஏனெனில் வழுக்கினால் விழுவதும் அவர்மேல்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை மேலெல்லையாகக் கொள்ளச் சொன்னது. நம் மூட்டை 90 கிலோ என்பதை இங்கே நினைவுகூரலாம். அரசு அந்த 90 சரியாக 90தானா என்று பார்க்கிறது. 90 ஏன் என்று கேட்பதில்லை.

மூட்டைக் கொக்கி செய்வதற்கு எளிது. கம்பியை வளைத்து மரப்பிடி பொருத்தினால் முடிந்தது. கஞ்சமலையின் இரும்பைத் தேடி ஜோசையா மார்ஷல் ஹீத் போன்றோர் வந்த நாடு இது. அம்மலையின் அடிவாரத்தில் இன்று உருக்காலை துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்குகிறது. கொக்கி என்னவோ தெருமுனைப் பட்டறையில்தான் பிறக்கிறது. அதன் முனை அளவுக்கு மீறிக் கூர்ந்தால் சாக்கு கிழியும், சரக்கு கொட்டும், திட்டு விழும். மழுங்கினால் இடையில் நழுவும். வளைவு சற்றே விரிந்துவிட்டாலும் பிடி ஆடினாலும் அன்றே பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அனுபவமுள்ள சுமைக்காரர் காலையில் வேலையைத் தொடங்குமுன் பிடியை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும், முனையைக் கட்டை விரலால் தொடுவதும் தற்செயலான செய்கைகள் அல்ல. சிமெண்ட் மூட்டையின்மீது ‘யூஸ் நோ ஹூக்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். கொக்கி போட வேண்டாம் என்ற அக்கட்டளை, கொக்கி பிடிப்பவருக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. மூட்டைக்குச் சேதம் வராமல் காக்க எண்ணியவர்களுக்கு, அவரோடு பேச வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை போலும்.

இப்போது கையடக்கத் தையல் இயந்திரங்கள் வந்துவிட்டன. கோணூசிக்காரர் ஒரு மூட்டைக்குக் காது கட்டுவதற்குள் அவை வாயையே தைத்து முடிக்கின்றன. சங்கிலித் தையல், சரியான முனையைப் பற்றி இழுத்தால் முழுத் தையலும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வரும். பிரிப்பவருக்கு இன்பம், முடிச்சு சரியாக விழாத மூட்டையைச் சுமப்பவருக்கு இடர். இந்த இயந்திரத்திற்கு எண்ணெய் வேண்டும், நூல் தூசியைத் தட்டியெடுக்க வேண்டும், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆம், அதற்குள்ளும் ஓர் ஊசியும் ஒரு சிறு கொக்கியும்தான் இருக்கின்றன. சில இயந்திரங்களோடு பராமரிப்புக் குறிப்பேடும் வருகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். மின்சாரம் நின்றாலோ நூல் நடுவில் அறுந்தாலோ எஞ்சிய அரை முழத்தைத் தைக்க யாரேனும் சாக்குக் குவியலில் செருகி வைத்த கோணூசியை உருவி, துணியில் ஒருமுறை துடைத்துக்கொள்கிறார்கள்.