பிளாக்பூல்: பஞ்சாலைத் தொழிலாளர்களின் கடற்கரை

பிளாக்பூல் இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் பகுதியில், ஐரிஷ் கடலோரம் அமைந்துள்ள நகரம். மக்கிய கரிமண் நிலத்தின் வழியே வந்து கறுத்த நீருடன் கடலில் கலந்த ஓர் ஓடையின் பெயரே ஊருக்கும் ஆனது. தொழிலாளர்கள் பெருந்திரளாக விடுமுறைக்கு வந்து தங்கிய கடற்கரை நகரங்களுள் உலகிலேயே முன்னோடி என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். இதன் வரலாற்றில் கோபுரம், கடற்பாலங்கள், மின்விளக்குகள் ஆகியவற்றுக்கு ஆவணங்கள் ஏராளம். ஆனால் அங்கே ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கிப் போனவர்களின் வாழ்க்கையைப் பெரும்பாலும் நினைவுகளிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கிறது.

மருத்துவத்திலிருந்து கேளிக்கைக்கு

இங்கிலாந்தில் கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் நோய் தீர்க்கும் முறையாகத்தான் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்கார்பரோவின் கனிம ஊற்று நீர் மருந்தாகப் புகழ்பெற்றது. 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரின் பயன் குறித்து லத்தீனில் ஒரு நூல் எழுதினார். கடல்நீரில் குளிப்பதை மட்டுமல்ல, அதைக் குடிப்பதையும் அவர் பரிந்துரைத்தார். அவரால் பிரைட்டன் வளர்ந்தது. 1789இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உடல்நலம் தேறுவதற்காக வேமத் கடற்கரைக்குச் சென்றார். இவையெல்லாம் பணமும் ஓய்வும் உள்ளவர்களின் ஊர்கள். பிளாக்பூலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான சிலர் வந்துபோன சிற்றூர்தான்.

1846இல் ரயில் பாதை வந்ததும் நிலைமை மாறியது. மான்செஸ்டர், போல்ட்டன், ஓல்டம், பர்ன்லி முதலிய பஞ்சாலை நகரங்களிலிருந்து குறைந்த கட்டணத்தில் சில மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிட முடிந்தது. 1863இல் வடக்குக் கடற்பாலமும் 1868இல் மத்தியக் கடற்பாலமும் திறக்கப்பட்டன. முன்னது கண்ணியமானவர்கள் உலாவும் இடமாக இருந்தது. பின்னதில் திறந்தவெளி நடனம் நடந்தது, மக்களின் கடற்பாலம் என்ற பெயரும் அதற்கு வந்தது. ஊரும் இதேபோலப் பிரிந்தது. வடபகுதி வசதியானவர்களுக்கும், ரயில் நிலையத்தை ஒட்டிய நடுப்பகுதி தொழிலாளர்களுக்கும் உரியதாயிற்று.

நகராட்சி வணிகப் புத்தி மிக்கது. 1879இல் கடற்கரைச் சாலையில் மின்விளக்குகளை ஏற்றியது. அதே ஆண்டு, ஊரை விளம்பரம் செய்வதற்கென்றே உள்ளூர் வரியில் ஒரு பகுதியைச் செலவிட நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற்றது. 1885இல் மின்சார டிராம் ஓடியது. 1889இல் பாரிஸில் ஈஃபில் கோபுரத்தைக் கண்டு வியந்த ஜான் பிக்கர்ஸ்டாஃப் முன்னின்று முயன்றதன் விளைவாக, 518 அடி உயரக் கோபுரம் 1894இல் திறக்கப்பட்டது.

நகராட்சியின் எல்லாத் திட்டமும் நினைத்தபடி நடந்துவிடவில்லை. 1897இல் மணலில் கடைபோட்டிருந்த வியாபாரிகளையும், மண்டையைத் தடவிக் குணம் சொல்பவர்களையும், போலி வைத்தியர்களையும் அகற்ற முயன்றது. அவர்கள் எதிரேயிருந்த வீடுகளின் முன்தோட்டங்களை வாடகைக்கு எடுத்துக் கடையை அங்கே மாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் 'தங்க மைல்' என்று புகழ்பெற்ற கேளிக்கை வரிசை இப்படித் துரத்தப்பட்டவர்களால் உருவானது.

வேக்ஸ் வாரம்

லங்காஷயரின் ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்த் தேவாலயத்தின் திருநாளை ஒட்டி 'வேக்ஸ்' என்ற பழைய திருவிழா இருந்தது. பஞ்சாலைகள் வந்தபோது முதலாளிகளால் இதை ஒழிக்க முடியவில்லை. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. ஊரின் எல்லா ஆலைகளும் ஒரே வாரத்தில் மூடப்படும். அந்த வாரத்தில் கொதிகலன்களைச் சுத்தம் செய்வார்கள், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பார்கள். ஊருக்கு ஊர் வாரம் வேறு. போல்ட்டனுக்கு ஜூன் இறுதி, ஓல்டத்துக்கு ஆகஸ்ட் இறுதி. பிளாக்பூலின் வளர்ச்சிக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமான காரணம். எல்லா ஊர்களும் ஒரே வாரத்தில் விடுமுறை விட்டிருந்தால் அத்தனை விடுதிகளைக் கட்டவும் முடிந்திராது, ஆண்டின் மற்ற வாரங்களில் அவற்றை நடத்தவும் முடிந்திராது.

அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆகவே ஆலைகளிலும் தெருக்களிலும் சேமிப்புச் சங்கங்கள் நடந்தன. வாரந்தோறும் சில பென்னிகள் கட்டி, விடுமுறைக்கு முன் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். நம் ஊர் தீபாவளிச் சீட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வாரம் முடிந்து வெறுங்கையோடு திரும்பியதைப் பலர் பிற்காலத்தில் சிரிப்புடன் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆலை மூடிய நாட்களில் புகை அடங்கி ஊருக்கு வெளியேயிருந்த குன்றுகள் தெளிவாகத் தெரிந்ததும் அடிக்கடி சொல்லப்படும் நினைவு. ஆனால் ஊரிலேயே இருந்தவர்கள்தானே அதைப் பார்த்திருக்க முடியும்? மிக வறியவர்களால் ஒருநாள் பயணத்துக்கு மேல் போக முடியவில்லை; பலரால் அதுகூட முடியவில்லை. கடற்கரை நினைவுகள் பெரும்பாலும் போக முடிந்தவர்களுடையவை.

1938இல் வந்த ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டத்தின் முழுப் பயன் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தெரிந்தது. போர் முடிந்த பிந்தைய ஆண்டுகளில் பிளாக்பூல் நிரம்பி வழிந்தது.

விடுதிப் பெண்கள்

கேலிச்சித்திர அஞ்சலட்டைகளிலும் மேடை நகைச்சுவையிலும் கடற்கரை விடுதியை நடத்தும் பெண் ஒரு கொடுங்கோலி. காலை உணவு முடிந்ததும் விருந்தினரை, மழை பெய்தாலும், வெளியே அனுப்பிவிடுவாள். மேசையில் வைத்த உப்பு, மிளகுச் சிமிழுக்குக்கூடத் தனிக் காசு வாங்குவாள். இவை முற்றிலும் கட்டுக்கதையல்ல. சிமிழுக்குக் காசு வாங்கியது உண்மை. ஆனால் அந்த வீட்டின் சமையலறையிலிருந்து பார்த்தால் கதை வேறு.

நெடுங்காலம் நிலவிய ஏற்பாட்டின்படி, விருந்தினர் படுக்கைக்கு மட்டுமே வாடகை தந்தனர். உணவுப் பொருட்களை அவர்களே வாங்கி வருவார்கள், விடுதிப் பெண் சமைத்துத் தருவாள். ஆறு குடும்பங்கள் தங்கியிருந்தால் ஆறு விதமான இறைச்சி, ஆறு பொட்டலம் தேயிலை. எதுவும் மாறிப்போகக் கூடாது. ஒருசில கோடை மாத வருமானத்தில் ஆண்டு முழுதுக்கும் வரியும் கடனும் கட்ட வேண்டும். ஜான் வால்டன் 1978இல் வெளியிட்ட 'தி பிளாக்பூல் லேண்ட்லேடி' என்ற நூல் இப்பெண்களைக் கேலிப் பொருளாக அல்லாமல் தொழில் நடத்தியவர்களாக ஆராய்ந்தது. பலர் கைம்பெண்கள் அல்லது மணமாகாதவர்கள். பலர் பஞ்சாலை நகரங்களிலிருந்து குடிவந்தவர்கள். அதனால் விருந்தினரும் தங்கள் ஊர்க்காரப் பெண்ணின் வீட்டையே ஆண்டுதோறும் தேடிப் போனார்கள்.

இன்னொரு பெண்ணின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வந்தவள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துத் தாய். பிள்ளைகளின் நினைவில் அந்த வாரம் மணலும் கடலும் 'ராக்' மிட்டாயும்தான். அவளுக்கோ செலவுக் கணக்கு தொடர்ந்தது. முழு உணவுடன் தங்கும் முறை இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பரவியபோதே இது ஓரளவு குறைந்தது.

உளவு பார்த்த ஆய்வாளர்கள்

1937இல் தொடங்கப்பட்ட 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பு போல்ட்டன் மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவுசெய்தது. ஊர் பிளாக்பூலுக்குப் போனபோது டாம் ஹாரிஸனும் அவர் குழுவும் பின்தொடர்ந்தார்கள். ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் புகைப்படங்கள் எடுத்தார். கடற்பாலத்தின் அடியில் ஒழுக்கக்கேடு தலைவிரித்தாடுகிறது என்ற பேச்சை நம்பி ஆய்வாளர்கள் இரவில் அங்கே தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள், கடலைப் பார்ப்பவர்கள், ஊரில் பேசிய அதே அண்டை வீட்டாரிடம் இங்கும் பேசுபவர்கள் என்று சாதாரணக் காட்சிகளே குறிப்பேடுகளில் நிறைந்தன. நடுத்தர வர்க்கத்தவர் தொழிலாளரின் இன்பத்தைப் பற்றிக் கொண்டிருந்த கற்பனைக்கு இது நல்ல சான்று.

அலை வடிந்த பின்

பிளாக்பூலின் செல்வம் பருத்தியை நம்பியிருந்தது. இந்தியச் சந்தையை இழந்து லங்காஷயர் ஆலைகள் இரு போர்களுக்கு இடையிலேயே தளர்ந்துவிட்டன. அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்தவர்களைச் சந்திக்க 1931 செப்டம்பரில் காந்தி டார்வென் பகுதிக்கு வந்தது இந்தச் சூழலில்தான். 1960, 70களில் ஆலைகள் வேகமாக மூடப்பட்டன. ஸ்பெயினுக்கு விமானத்தில் மலிவான சுற்றுலா வந்தது. ஆலை இல்லாத ஊரில் வேக்ஸ் வாரத்துக்கும் பொருள் இல்லாமல் போனது. தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கிய பிளாக்பூல் சென்ட்ரல் ரயில் நிலையம் 1964 நவம்பரில் மூடப்பட்டது.

சுற்றுலா நின்றுவிடவில்லை, இலையுதிர்கால விளக்கலங்காரத்துக்கு இன்றும் கூட்டம் வருகிறது. ஆனால் கோடை வாரங்களுக்காகக் கட்டிய பல விடுதிகள் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டு, வேறிடம் கிடைக்காத ஏழைகளுக்கு ஆண்டு முழுவதும் வாடகைக்கு விடப்படுகின்றன. இங்கிலாந்திலேயே ஆண்களின் ஆயுட்காலம் மிகக் குறைவாக உள்ள பகுதிகளுள் பிளாக்பூலும் ஒன்று. தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் வெளியிட்ட கடலோர நகரங்களின் உடல்நல அறிக்கை இந்தப் பழைய விடுதிகளையும் ஒரு காரணமாகச் சுட்டியது. கடல்நீரை மருந்தாகப் பரிந்துரைத்த ரஸ்ஸலின் நூலுக்குச் சுமார் 270 ஆண்டுகள் கழித்து வந்த அறிக்கை அது.

ஸ்பெண்டரின் படங்கள் போல்ட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. மாஸ் அப்சர்வேஷன் குறிப்பேடுகளைப் பார்க்க விரும்புவோர் நாட்டின் மறுகோடிக்கு, பிரைட்டன் அருகேயுள்ள ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும்.