புகை போகும் வழி

மஞ்சூரிலிருந்து பிக்கட்டிக்கு வருகிற வண்டி எது என்பதை என் மாமா வாசலில் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப்புக்கு ஒரு முனகல், கடைசி பஸ்ஸுக்கு ஒரு இருமல். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அவருக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் வந்தது. "என்னடா இது, ஜெனரேட்டர் நடந்து வருது?" என்றார். வந்தது என் நண்பனின் கார். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய, செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ பெட்ரோல் கார். சைலன்சரின் வயிறு துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது.

மலையில் இது புதுசில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியே வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அது பறந்துவிடும். கடைக்கும் வீட்டுக்குமாக நாலு கிலோமீட்டர் ஓட்டி, பனியில் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து மூடுபனி அதன் பங்கைச் செய்யும்.

நண்பன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். "மாத்தறதுதான் மாத்தறோம், மூணு இஞ்ச் பைப்பா போட்டுறலாம் மாப்ள. கேட்டையும் தூக்கிரலாம். டர்போ சும்மா பிச்சுக்கும்." கேட் என்று அவன் சொன்னது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை. எனக்கு அந்த 'பிச்சுக்கும்' மேல்தான் சந்தேகம். அதனால் இந்த டர்போ என்கிற பண்டம் எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது நம்ம ஊர் மாதிரி இடத்துக்காகவே வளர்ந்தது போலத் தெரிந்தது.

ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. எஞ்சினில் எரிகிற எரிபொருளின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. போகிற புகையை ஒரு சக்கரத்தின் மேல் அடிக்கவிட்டு, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தைச் சுழலவைத்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி நுழைத்தால் என்ன என்பதுதான் பூச்சியின் கேள்வி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருபது வருஷம் போனது. 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அது பொருத்தப்பட்டபோது, 1750 குதிரைத்திறன் 2500 ஆனது. எஞ்சின் பெரிதாகவில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டிருந்ததை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் மலை இந்தக் கதைக்குள் வந்தது அதற்கும் முன்னால், முதல் உலகப் போரில். மேலே போகப் போக காற்று மெலிந்து விமான எஞ்சின்கள் திணறின. பிரான்சில் ஆகுஸ்ட் ராட்டோ புகையால் சுழலும் அமுக்கியை விமானத்துக்குச் செய்து பார்த்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ் தன்னுடையதைச் சோதிக்க உயரமான இடம் தேடினார். கிடைத்தது கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலை. 1918-இல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,109 அடி உயர உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே ஓட்டினார்கள். சமவெளியில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் மலையுச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவை மாட்டியதும் 356.

நம் மலை அவ்வளவு உயரம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2240. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே நன்றாக ஓடிய வண்டியை மேலே கொண்டுவந்து "இழுக்க மாட்டேங்குது" என்று டிரைவர்கள் சொல்வது வெறும் ஏற்றத்தைப் பற்றிய புகார் இல்லை. எஞ்சினுக்கு மூச்சே குறைவாகத்தான் கிடைக்கிறது.

சரி, புகை சக்கரத்தைச் சுற்றிவிட்டது. அப்புறம்? நண்பனின் மூணு இஞ்ச் பைப் கேள்வி அங்கேதான் இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, மாமா. அவர் குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு தொடங்கியது குந்தா மின் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் முதல் பவர் ஹவுஸில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும். அது அங்கே கழிவு. ஆனால் அதே தண்ணீர்தான் கீழே கெத்தையில் இரண்டாவது பவர் ஹவுஸை ஓட்டும், பிறகு பரளி, பிறகு பில்லூர். பூச்சியின் யோசனையைத்தான் நம்ம மலை தண்ணீரில் செய்துகொண்டிருக்கிறது.

"பென்ஸ்டாக்ல எவ்வளவு வேகமா தண்ணி வந்தாலும் சரி, டெயில் ரேஸ்ல தேங்குச்சுன்னா போச்சு," என்றார் மாமா. "தண்ணி ஏறி வந்து சக்கரத்த முட்டும். அடிக்கிற தண்ணியும் தேங்குற தண்ணியும் சண்ட போடும். வர்ற வழிய மட்டும் பாத்தா பத்தாது மாப்ள, போற வழியையும் பாக்கணும்."

அவர் சொன்ன பெல்ட்டன் சக்கரமும் டர்போவின் சக்கரமும் ஒரே மாதிரி வேலை செய்பவை அல்ல. ஆனாலும் விஷயம் பொருந்துகிறது. டர்போவுக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கரத்தைத் தள்ளுகிறது. பின்னால் ஒடுங்கிய குழாய், பாதி அடைத்த கன்வெர்ட்டர், நசுங்கிய சைலன்சர் இருந்தால் அந்த வித்தியாசம் குறையும், டர்போ தாமதமாக எழும். 'எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்' என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் பழைய வாக்கு, டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த வகையில் நண்பன் சொன்னது சரி. கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து மறுபடி எழும் இடத்தில் டர்போ அரை நொடி முன்னால் விழித்தாலும் அது கையில் தெரியும். இன்னொன்று, குழாயின் கடைசி வாய்க்கு வெளியே மலைக்காற்று ஏற்கெனவே மெலிசு. போற வழியை மலையே கொஞ்சம் திறந்துவைத்திருக்கிறது.

கார்களுக்கு டர்போ 1962-இல் அமெரிக்காவில் வந்தது, ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் இரண்டிலும். ஜெட்ஃபயரில் எஞ்சின் தட்டாமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தைத் தனியாக ஊற்ற வேண்டும். ஜனங்கள் ஊற்ற மறந்தார்கள். பல கார்களில் டர்போவையே கழற்றி எறிந்தார்கள். 1978-இல் சாப் 99 டர்போ வந்தபிறகுதான் அது தினசரி ஓட்டுகிற காருக்கான சாமான் ஆயிற்று. இங்கே 90-களின் கடைசியில் டாடாவின் சியரா, சஃபாரி டர்போ டீசல்கள், 2002-இல் ஸ்கார்ப்பியோ, 2004-இல் 150 குதிரைத்திறன் பெட்ரோல் டர்போவுடன் ஆக்டேவியா ஆர்எஸ்.

சாப் கார் சாதித்ததில் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவுக்குப் பெரிய பங்கு. அழுத்தம் அளவு மீறும்போது அது திறந்து, புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே விட்டுவிடும். பழைய காரில் குழாயை மட்டும் பெரிதாக்கினால் இங்கேதான் சிக்கல். பின்னால் வழி ஏகத்துக்குத் திறந்துவிட்டதால் புகை சக்கரத்தின் வழியாகவே ஓடப் பார்க்கும். சின்னக் கதவு முழுக்கத் திறந்தும் போதாமல் அழுத்தம் தானாக ஏறும். மலையில் இது இரட்டைச் சுமை. மெலிந்த காற்றை அதே அளவு அழுத்த, நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். பதினைந்து வருஷம் தேய்ந்த பேரிங்கோடு.

இதையெல்லாம் சொன்னபோது நண்பன் முகம் வாடியது. "அப்ப கேட்ட மட்டும் தூக்கிரலாமா?" என்றான்.

அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் 1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அதற்குள்ளிருக்கும் பிளாட்டினப் பூச்சு செத்துவிடும். நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000-இல்தான். அதுவரை மலை கிராமத்து பஸ் நிறுத்தத்தில் நின்ற பிள்ளைகள் சுவாசித்தது என்ன என்று யோசித்துப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தன். நாலு குதிரைத்திறனுக்காக அதை அறுத்துப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. சட்டமும் ஒப்பாது. வண்டியின் அடிப்படை விவரங்களைத் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

ஒரு வாரம் என்னிடம் பேசாமல் இருந்தான். அப்புறம் கோயம்புத்தூருக்குப் போனோம். கன்வெர்ட்டர் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டரை இஞ்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வளைவுகளில் நசுங்காமல் வளைத்தது. கடைசியில் நல்ல கனமான சைலன்சர். குழாயின் பாரம் டர்போவின் கழுத்தில் தொங்காமலிருக்க நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் பைப்பும் கூடுதலாக ரெண்டு ஹேங்கரும். வேஸ்ட்கேட் கை ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் சரி செய்தார்கள். பழைய சைலன்சரைக் கழற்றித் தூக்கியபோது உள்ளிருந்து அரைச் சொம்பு கறுப்புத் தண்ணீர் கொட்டியது.

காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி வழியாகக் கெத்தை ஏற்றத்தில் அவன் திரும்பி வந்தான். நான் முந்தின பஸ்ஸிலேயே வந்து மாமாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கி எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் தணிந்த ஒரு உறுமல்.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "உன் கூட்டாளிதான். இந்த வளைவுல ரெண்டாவது கியர் போடுவான், இன்னிக்கு மூணுலயே வர்றான்."

எழுந்து உள்ளே போனார், டீ போடச் சொல்ல.