கோழிச் சண்டையில் பிறந்த குட்டி பிக்கப்: பழைய வண்டி வாங்குமுன் ஒரு வரலாறு

அமெரிக்காவில் இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதா இருக்கும். 20, 30 வருஷம் ஓடின ஒரு சின்ன பிக்கப் விற்பனைக்கு வந்திருக்கு. டொயோட்டா, இல்லேன்னா ஃபோர்டு ரேஞ்சர். விலை கேட்டா தலை சுத்துது. வாங்கலாமா, வேண்டாமா?

மெக்கானிக்கிடம் கேட்டால் இன்ஜினைப் பற்றிச் சொல்வார். ஆனா இந்தக் கேள்விக்குள்ள 60 வருஷ வரலாறு இருக்கு. வண்டி ஏன் இந்த விலை, அது எங்கே செய்யப்பட்டது, எந்த இடத்தில் முதலில் சாகும் என்பதையெல்லாம் அந்த வரலாறு சொல்லிவிடும். அதனால இன்னைக்கு முதல் பாதி வரலாறு. இரண்டாம் பாதி டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில்.

கதை கோழியில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கறிக்கோழி வளர்ப்பு பெரிய ஆலைத் தொழில் மாதிரி ஆனது. விலை சரிந்தது. அந்த மலிவுக் கோழி கப்பலேறி மேற்கு ஜெர்மனிக்குப் போனது. அங்கிருந்த பண்ணைக்காரர்களுக்குப் பிழைப்பு போச்சு. 1962-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இறக்குமதிக் கோழி மீதான வரியை ஏற்றியது. அமெரிக்கா பேசிப் பார்த்தது, பலிக்கவில்லை.

1963 டிசம்பர் 4. கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. புதிய அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி வரியில் கையெழுத்துப் போடுகிறார். பட்டியலில் நாலு பொருள்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய சரக்கு வண்டி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் வண்டி? ஃபோக்ஸ்வாகன் அப்போது அமெரிக்காவில் வேனும் பிக்கப்பும் விற்றுக்கொண்டிருந்தது. ஜெர்மனிக்கு வலிக்கிற இடம் அது. வண்டிக்கு 25 சதவீத வரி. அதுவரை இருந்தது 8.5 சதவீதம்தான்.

மற்ற மூன்று பொருள் மீதான வரியும் பின்னாளில் போய்விட்டது. வண்டி வரி மட்டும் அறுபது வருஷம் தாண்டியும் நின்றது. எங்க தொழிலில் இதை தினமும் பார்க்கிறோம். ராத்திரி அவசரத்துக்கு ஒருத்தர் எழுதின நாலு வரி கோடு, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடிக்கிட்டே இருக்கும். யாரும் தொட மாட்டாங்க. ஏன்னா அதை நம்பி அதுக்கு மேல ஆயிரம் விஷயம் கட்டியாச்சு. இந்த வரிக்கு மேலயும் அப்படித்தான் ஒரு தொழிலே கட்டப்பட்டது.

ஜெர்மனியைக் குறிவைத்த வரி ஜப்பானையும் பிடித்தது. டாட்சன் ஏற்கெனவே அமெரிக்காவில் சின்ன பிக்கப் விற்றுக்கொண்டிருந்தது. டொயோட்டா 1968-ல் ஜப்பானில் ஹைலக்ஸைக் கொண்டுவந்து, அடுத்த வருஷமே அமெரிக்காவுக்கும் அனுப்பியது. வரியைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சரக்கு ஏற்றும் லோடு பாடி இல்லாமல், கேபினும் சேஸிஸும் மட்டும் வந்தால் அது "முழு வண்டி" இல்லை. அதற்கு வரி 4 சதவீதம். லோடு பாடியைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் டொயோட்டா பிக்கப்புக்கான லோடு பாடிகள் 1972 முதல் தயாரானதன் காரணம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கம்பெனிகளே இந்த வழியில் வந்தன. ஃபோர்டு விற்ற கூரியர் உண்மையில் மாஸ்டா செய்த வண்டி. செவ்ரோலே விற்ற லவ், இசுஸு செய்த வண்டி. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது சின்ன வண்டிக்கு மதிப்பு கூடியது. சுபாரு இன்னொரு படி மேலே போனது. பிராட் என்ற குட்டி வண்டியின் லோடு பாடியில், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்தி, "இது சரக்கு வண்டி இல்லை, பயணிகள் வண்டி" என்று சொல்லி இறக்கியது. திறந்த வெளியில், ஹைவேயில், பின்னால் வருகிற லாரிக்காரரைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

1980-ல் இந்த விளையாட்டு முடிந்தது. லோடு பாடி இல்லாத சேஸிஸும் சரக்கு வண்டிதான் என்று அமெரிக்க சுங்கத் துறை வகைப்படுத்தியது. இனி அதற்கும் 25 சதவீதம். கம்பெனிகளுக்கு முன் இருந்த லாபமான வழி ஒன்றுதான்: அமெரிக்காவிலேயே செய்வது. செவ்ரோலே 1982 மாடலாக எஸ்-10-ஐயும், ஃபோர்டு 1983 மாடலாக ரேஞ்சரையும் சொந்தமாகக் கொண்டுவந்தன. நிசான் டென்னசி மாநிலத்தின் ஸ்மர்னாவில் ஆலை கட்டியது. 1983 ஜூனில் அங்கிருந்து வெளிவந்த முதல் வண்டி ஒரு பிக்கப். டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டாக நடத்திய கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையில் 1991 முதல் பிக்கப் செய்தது. இன்று அதே கட்டடத்தில் டெஸ்லா கார் தயாராகிறது.

இந்த வரலாறு முழுக்க வண்டியில் ஓரிடத்தில் எழுதி இருக்கு. கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு ஓரத்தில் இருக்கும் 17 இலக்க வின் நம்பர். 1981 மாடலில் இருந்து இந்த வடிவம் கட்டாயம். முதல் எழுத்து 'ஜே' என்றால் வண்டி ஜப்பானில் செய்தது. 1, 4, 5 என்றால் அமெரிக்கா. மாஸ்டா பி வரிசை பிக்கப்பை எடுத்துக்கோங்க. 1993 வரை நம்பர் ஜே-யில் ஆரம்பிக்கும். 1994 முதல் 4. ஏன்னா அந்த வருஷத்திலிருந்து அமெரிக்காவில் விற்ற மாஸ்டா பிக்கப், ஃபோர்டு ஆலையில் செய்த ரேஞ்சர்தான், முகம் மட்டும் வேறு. "இது ஜப்பான் வண்டி சார், ரேஞ்சரைவிட ஆயிரம் டாலர் கூட" என்று 1998 மாஸ்டாவை ஒருத்தர் விற்றால், நம்பரைக் காட்டிச் சிரிக்கலாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அமெரிக்காவுக்குள் வந்த சின்ன பிக்கப் எங்கே போச்சு? 1999-ல் மட்டும் சுமார் 3.48 லட்சம் ரேஞ்சர் விற்றது. 2011 டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலையில் கடைசி ரேஞ்சர் இறங்கியது, ஆலையும் மூடியது. வாங்குகிறவர்களுக்கு நாலு கதவு வேண்டியிருந்தது. பெரிய பிக்கப்பில் கம்பெனிக்கு லாபம் அதிகம். அதோடு எரிபொருள் சிக்கன விதியும் மாறியது. 2011 மாடலிலிருந்து இலக்கு, வண்டியின் நாலு சக்கரத்துக்கு நடுவில் உள்ள பரப்பைப் பொறுத்து அமைந்தது. பரப்பு குறைந்தால் மைலேஜ் இலக்கு கூடும். வண்டியைச் சின்னதாக்க யாருக்கும் ஆசை வராத கணக்கு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இடத்தை நிரப்பலாம் என்றால், வாசலில் 25 சதவீதம் நிற்கிறது. 2019 மாடலாக ரேஞ்சர் திரும்பி வந்தது, ஆனா பழைய ரேஞ்சரைவிட நல்ல பெரிய வண்டி.

ஆக, பழைய சின்ன பிக்கப்புக்கு இருக்கும் விலையில் ஒரு பெரிய பங்கு, அதைப் போல ஒன்று இனி செய்யப்படவில்லை என்பதற்கு. வண்டி நல்லா இருக்கு என்பதற்கு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். மீதிப் பாதிக்கு டார்ச்சை எடுங்க.

முதலில், வண்டியைத் தொடுவதற்கு முன்பே, வின் நம்பரை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டு ரீகால் பாருங்க. இது சும்மா சொல்கிற சடங்கு இல்லை. டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்கில் இருந்த அமோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விபத்தின்போது உலோகக் கூட்டையே வெடித்துச் சிதறவைத்தது. 2006 மாடல் ரேஞ்சரில் 2015-லும் 2017-லும் ஓட்டுநர்கள் இறந்தார்கள். 2018 ஜனவரியில் குறிப்பிட்ட சில 2006 ரேஞ்சர்களை ஓட்டவே வேண்டாம் என்று ஃபோர்டு அறிவித்தது. அந்தப் பழுதை டீலரிடம் இலவசமாக மாற்றலாம். மாற்றாத வண்டி இன்னும் கைமாறி வரலாம். பழசு ஆக ஆக ஆபத்து கூடுகிற பாகம் இது.

இரண்டாவது, சேஸிஸ். இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்கணும்னா அது இதுதான்: பழைய பிக்கப் வாங்கும்போது நீங்க வாங்குவது சேஸிஸை. மற்றதெல்லாம் அதன் மேல் மாட்டி இருக்கும் சாமான்.

1995-ல் டொயோட்டா தன் பிக்கப்புக்கு டகோமா என்று புதுப்பெயர் வைத்தது. இன்ஜின் மலை மாதிரி. ஆனா 1995 முதல் 2000 வரை வந்த வண்டிகளின் சேஸிஸில் துரு தடுப்பு போதவில்லை. பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் மாநிலங்களில், பெட்டி வடிவ சேஸிஸுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து உள்ளிருந்தே தின்றது. 2008-ல் டொயோட்டா இந்த வண்டிகளின் சேஸிஸ் துருவுக்கு உத்தரவாதத்தை 15 வருஷமாக நீட்டியது. மோசமான வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அடுத்த தலைமுறை வண்டிகளிலும் இதே புகார் வந்து, 2016-ல் ஒரு பெரிய வழக்குச் சமரசத்தில் முடிந்தது. நன்றாக ஓடுகிற இன்ஜினோடு வண்டிகள் நசுக்கப்பட்டன. இன்ஜின் ஜெயித்து, இரும்பு தோற்ற கதை.

அந்த 15 வருஷம் எப்பவோ முடிந்துவிட்டது. இப்போது வாங்குகிறவருக்குத் துணை சுத்தியல்தான். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, படுத்து உள்ளே போங்க. பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், ஸ்பேர் டயருக்கு மேலே, லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களில் லேசாகத் தட்டுங்க. "ணங்" என்று கேட்டால் இரும்பு. "டொப்" என்று கேட்டால், பொரிபொரியாகத் தகடு உதிர்ந்தால், எழுந்து கையைத் தட்டிக்கொண்டு கிளம்புங்க. ரேஞ்சரில் லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகள்தான் வழக்கமாக முதலில் போகும். அவற்றை மாற்றலாம், அவை பிடித்திருக்கும் சேஸிஸ் உறுதியாக இருந்தால். அடியில் புதுக் கறுப்பு பூச்சு பளபளன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க, எதை மூடியிருக்காங்கன்னு யோசிங்க. டொயோட்டாவில் சேஸிஸ் மாற்றிய ரசீது இருந்தால் அது உண்மையிலேயே காசு பெறும் காகிதம். வண்டி எத்தனை மைல் ஓடியது என்பதைவிட எந்த மாநிலத்தில் வாழ்ந்தது என்று கேளுங்க. அரிசோனாவில் 2 லட்சம் மைல் ஓடினது, ஒஹையோவில் 90,000 ஓடினதைவிட உசத்தியாக இருக்க நிறைய வாய்ப்பு.

மூன்றாவதுதான் இன்ஜின். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்க. போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்க. சூடாக இருந்தால், ஏதோ சத்தத்தை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். 1980-களின் நடுவிலிருந்து 1995 வரை வந்த டொயோட்டாவின் 22ஆர்ஈ இன்ஜினில் டைமிங் செயினை வழிநடத்தும் கைடுகள் பிளாஸ்டிக். தேய்ந்து உடைந்தால் செயின் ஆடி, முன் கவரையே அறுத்து, கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் வரும் கடகடச் சத்தம்தான் எச்சரிக்கை. 2001-க்குப் பிந்தைய ரேஞ்சரின் 4.0 லிட்டர் வி6-லும் செயின் சத்தம் கேளுங்க. அதில் ஒரு செயின் இன்ஜினின் பின்பக்கம் இருக்கு. சாமான் விலையைவிட அதை எட்டும் கூலி அதிகம். 1990-களின் 2.3 லிட்டர் நாலு சிலிண்டர் ரேஞ்சரில் வேகம் இல்லை, ஆனா டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. நடுரோட்டில் நிற்கும், செலவு சின்னதுதான்.

இன்னொன்று, குடும்பத்தோட இருக்கிறவங்களுக்கு. இந்த வண்டிகளில் நீட்டித்த கேபின் இருந்தால், சீட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் மடக்கி வைத்த குட்டி சீட் இருக்கும். "குழந்தைகளுக்குப் போதும்" என்பார்கள். போதாது. அந்த இடம் பைக்கும் கருவிப் பெட்டிக்கும்.

கடைசியா விலை. தோட்ட வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் இந்த வண்டியை நம்பித்தான் பலர் பிழைக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டாவது வண்டி கிடையாது. அதனால் கணக்கு இப்படிப் போடுங்க. இன்ஜின் போனால் இன்னொன்று கிடைக்கும், கியர்பாக்ஸும் கிடைக்கும், ரெண்டுக்கும் விலை விசாரித்து பேரத்தில் கழிக்கலாம். சேஸிஸ் ஓட்டையா இருந்தா கழிக்க எதுவும் இல்லை, விற்கிறவர் பாதி விலைக்கு இறங்கினாலும் அது பாதி விலைக்கு வாங்கின காயலான்தான். அடியில் படுத்துப் பார்க்க விட மாட்டேன் என்கிறவரிடம் பேரமே பேச வேண்டாம்.

இந்த எபிசோடு அவ்வளவுதான்.