எவரெஸ்ட் உச்சியில் ஒரு பிடி மிட்டாய்

பண்பொழி திருமலைக்கோவில் படிகளில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பாதி வழியில் பிள்ளை "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிடும். பாட்டி பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுப்பார். அதை உடைத்து ஆளுக்குப் பாதி. ஐந்து நிமிடத்தில் பிள்ளை பாட்டியை முந்திக்கொண்டு ஏறும். உலகிலேயே உயரமான மலையிலும் இதே வைத்தியம்தான் நடந்திருக்கிறது.

1952 மே மாதம் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று எவரெஸ்ட் ஏறியது. அதில் ரேமண்ட் லாம்பேரும் டென்சிங் நார்கேயும் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. தூங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். உடம்பு உறைந்துவிடாமல் இருக்க ஒருவரையொருவர் தேய்த்தும் தட்டியும் விடியும்வரை விழித்திருந்தார்கள். உச்சிக்குச் சுமார் 250 மீட்டர் இருக்கும்போது திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் நட்பு நிலைத்தது. லாம்பேர் அன்பளிப்பாகத் தந்த சிவப்புக் கழுத்துத்துணியை அணிந்துதான் அடுத்த ஆண்டு டென்சிங் உச்சியைத் தொட்டார்.

அந்த 1953 பயணத்துக்கு ஜான் ஹன்ட் தலைவர். பயணத்துக்கு முன்பே ஒரு பகிர்வு நடந்தது. இங்கிலாந்தின் கென்டல் ஊரில் ரோம்னீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனியிடம், ஏழு நாளில் 'மின்ட் கேக்' தர முடியுமா என்று கேட்டார்கள். பெயரில்தான் கேக். சீனி, குளுக்கோஸ், தண்ணீர், பெப்பர்மின்ட் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி வில்லையாக ஊற்றும் மிட்டாய் அது. போர் முடிந்து ஏழாண்டு ஆகியும் அங்கே இனிப்புக்கு ரேஷன் இருந்த காலம். கம்பெனித் தொழிலாளர்கள் தங்கள் இனிப்புக் கூப்பன்களை விட்டுக்கொடுத்தார்கள். முகம் தெரியாத யாரோ மலையேற, தங்கள் வீட்டுப் பங்கைக் கொடுத்த மனிதர்கள் அவர்கள்.

இனிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? உயரம் கூடக் கூடப் பசி செத்துவிடும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். அப்போதும் இனிப்பு உள்ளே இறங்கும். கொழுப்பைவிடச் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க உடம்புக்குக் கொஞ்சம் குறைவான ஆக்சிஜனே போதும் என்பது இன்னொரு காரணம்.

மே 28 இரவு, சுமார் 8,500 மீட்டரில், டென்சிங்கும் எட்மண்ட் ஹிலாரியும் ஒரு சின்னக் கூடாரத்தில் இருந்தார்கள். பிஸ்கட் மேல் மத்தி மீன், பேரீச்சை, ஜாம், தேன், சூடான எலுமிச்சைச் சாறு. கூடவே ஒரு டின் ஆப்ரிகாட் பழம். அது கல்லாக உறைந்திருந்ததால் ஸ்டவ்வில் காட்டி இளக்கி, இருவரும் விருந்தாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை 11.30 மணிக்கு உச்சி. அங்கே இருந்தது கால் மணி நேரம்தான். மின்ட் கேக்கைக் கொறித்தார்கள். டென்சிங் பனியில் சின்னக் குழி தோண்டி, சாக்லேட், பிஸ்கட், மிட்டாய்களைத் தெய்வத்துக்குப் படைத்தார். மகள் நீமா கொடுத்தனுப்பிய சின்னப் பென்சிலையும் அங்கேயே வைத்தார். இறங்கும் வழியில் சூடான சூப்போடு எதிரே ஏறி வந்தார் நண்பர் ஜார்ஜ் லோ.

இந்தக் கதையை இத்தோடு முடித்தால் இனிப்பாகவே இருக்கும். ஆனால் அதே பயணத்தின் தொடக்கத்தில் காத்மாண்டுவில் வேறொன்றும் நடந்தது. பிரிட்டிஷ் குழுவினருக்குத் தூதரகத்தில் அறைகள். ஷெர்பாக்களுக்குக் கார் நிறுத்தும் கொட்டகை. அதில் கழிப்பறை இல்லை. மறுநாள் காலை ஷெர்பாக்கள் கொட்டகைக்கு முன் சாலையிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் கோபத்தைக் காட்டினார்கள். அந்தக் குழுவின் 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளும் ஷெர்பாக்களும் சுமக்காமல் ஒரு மிட்டாய்கூட மேலே போயிருக்காது.

மிட்டாய் பகிர்வது மனதைத் தேற்றும். மரியாதை இல்லாத இடத்தில் அந்த மிட்டாய் கசக்கும். டென்சிங் கதையை இப்போது எழுதத் தோன்றியதும் இதனால்தான். தீபாவளிக்கு நம் காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் இனிப்புப் பெட்டி கொடுக்கிறோம், நல்ல பழக்கம். ஆனால் சாரல் அடிக்கும்போது அவர்கள் ஒதுங்க இடம் எது, அவர்கள் பயன்படுத்தும் கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? இந்த முறை பெட்டிக்குப் பணம் வசூலிக்கும் முன், அடுத்த கூட்டத்தில் அதை முதலில் பேசுவோம். இனிப்பு என்ன வாங்குவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு என் ஓட்டு.