சக்கர ஸ்பேசர்: போர்ஷே 911-இல் வீட்டிலேயே பொருத்துதல்

சக்கர ஸ்பேசர் என்பது காரின் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கப்படும் வட்ட வடிவ உலோகத் தட்டு. பெரும்பாலும் அலுமினியக் கலவையில் கடைந்து எடுக்கப்படுகிறது. 3 மி.மீ. கனத்திலிருந்து 30 மி.மீ.க்கு மேலும் கிடைக்கும். தட்டின் கனம் எவ்வளவோ, சக்கரம் அவ்வளவு வெளியே தள்ளி நிற்கும். ஓர் அச்சின் இரு பக்கமும் 15 மி.மீ. தட்டு போட்டால், இடது டயரின் நடுக்கோட்டுக்கும் வலது டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள அகலம் 30 மி.மீ. கூடும்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தேடுவதற்கு முதல் காரணம் தோற்றம்தான். மட்கார்டுக்குள் ஒடுங்கியிருக்கும் சக்கரம் அதன் விளிம்புக்கு நேராக வந்து நின்றால் காரின் நிலையே மாறிவிடும். பெரிய பிரேக் காலிப்பர் மாட்டியபின் ரிம் அதில் உரசாமல் இருக்கவும், டயரின் உள்பக்கம் சஸ்பென்ஷனில் தட்டாமல் இருக்கவும் போடுவதுண்டு. வேலை வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியதுதான். இதில் அழகாகத் தெரிவது தட்டு. உயிரைக் காப்பது போல்ட்டின் மரை.

பின்சக்கரங்களுக்குத் தட்டு போடும் வழக்கம் போர்ஷே தொழிற்சாலையிலேயே இருந்தது. 930 என்ற எண்ணால் அறியப்படும் பழைய 911 டர்போ அப்படி வந்ததுதான். 2004-இல் அறிமுகமான 911-இன் 997 வகைக்கும் போர்ஷே 5 மி.மீ. தட்டுகளை விருப்ப உபகரணமாக விற்றது. வெளிச் சந்தையில் பெயர் பெற்ற ஹெச் அண்ட் ஆர், ஐபாக் ஆகிய இரண்டும் ஜெர்மனியின் சாவர்லாண்ட் பகுதியைச் சேர்ந்த ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள்.

வகைகள்

மெல்லிய தட்டுகள், அதாவது 3 முதல் 7 மி.மீ. வரையானவை, ஹப்பின் மேல் செருகி நிற்கும். ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் வளையம் தட்டைத் தாண்டி வெளியே வந்து சக்கரத்தையும் தாங்க வேண்டும். மீந்த வளையம் சக்கரத்தின் துளைக்குள் சில மி.மீ. கூடப் போகாவிட்டால் சக்கரம் நடுவில் உட்கார்ந்ததாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கனமான தட்டுகளில் வெளிமுகத்திலும் ஒரு வளையம் கடைந்திருப்பார்கள். 911-க்கு இந்த நடுத்துளை 71.6 மி.மீ., ஐந்து போல்ட்களின் வட்டம் 130 மி.மீ. மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் இன்றைய வகைக்கு நான்கு துளை, 100 மி.மீ. வட்டம், 54.1 மி.மீ. நடுத்துளை. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று நீள்துளைகள் போட்டு விற்கும் மலிவான தட்டுகளை வாங்கவே கூடாது. அவற்றுக்கு நடுத்துளைப் பொருத்தம் கிடையாது. நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும்போதுதான் அது தெரியவரும்.

இன்னொரு வகை, தானே ஹப்பில் போல்ட் போட்டு இறுகி, தன்மேல் உள்ள தனி மரைகளில் சக்கரத்தைத் தாங்குவது. 20 மி.மீ.க்கு மேற்பட்ட கனத்துக்கே இது சரிவரும். இரண்டு மெல்லிய தட்டுகளை அடுக்கி ஒரு கனத் தட்டாக்குவதைத் தயாரிப்பாளர்கள் யாரும் ஏற்பதில்லை.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

சக்கரத்தின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவு, ஈடி என்ற குறியோடு சக்கரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 997 கரேரா எஸ்-இன் 19 அங்குலச் சக்கரங்கள் முன்னால் 8 அங்குல அகலம், ஈடி 57. பின்னால் 11 அங்குல அகலம், ஈடி 67. தட்டின் கனத்தை இதிலிருந்து கழித்தால் புதிய ஆஃப்செட் கிடைக்கும். பின்னால் 15 மி.மீ. போட்டால் ஈடி 52.

இதே காரின் நான்கு சக்கர இயக்க வகையான கரேரா 4எஸ், பின்னால் அதே 11 அங்குலச் சக்கரத்தை ஈடி 51-இல் போட்டு வந்தது. ஆனால் அதன் உடல் 44 மி.மீ. கூடுதல் அகலம், பக்கத்துக்கு 22 மி.மீ. கூடுதல். குறுகிய உடலில் 15 மி.மீ. தட்டு போடுபவர், அகல உடலுக்கென்று வைத்த இடத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுபோகிறார். அதற்கான மட்கார்டு மட்டும் அவரிடம் இல்லை. எனவே 15 மி.மீ. என்பது எல்லைக்கோடு. காரைத் தாழ்த்தியிருந்தாலோ, அகலமான டயர் போட்டிருந்தாலோ அதற்கும் முன்பே நின்றுவிட வேண்டும். வாங்குவதற்கு முன் மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டு, டயரின் தோளுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தேவையான கனம் தெரிந்துவிடும்.

ஓட்டத்தில் வரும் மாற்றம் சிறிது, ஆனால் உண்டு. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பளு, அகலம் கூடினால் குறையும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் 30 மி.மீ. என்பது 2 சதவீதம். பின்னால் மட்டும் அகலம் கூட்டினால் பின்பிடி கூடி, வளைவில் முன்பக்கம் வெளியே இழுக்கும் குணம் எடுப்பாகத் தெரியும். ஏற்கெனவே முன்பக்கம் எடை குறைந்த 911-க்கு இது விரும்பத்தக்கதல்ல என்பதால், முன்னால் 5 அல்லது 7 மி.மீ. போட்டுச் சமன் செய்வது நல்லது. முன்னால் அதிகமாகப் போடுவதோ வேறு தொல்லை. சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளியிலிருந்து டயரின் நடு விலகிப்போவதால், மேடுபள்ளமும் சாலைப் பள்ளக்கோடுகளும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். பேரிங்கின் மேல் விழும் நெம்புபளுவும் கூடும்.

போல்ட்

சக்கரத்தைத் தாங்குவது போல்ட்டின் தண்டு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் போல்ட்கள் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு நெருக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தால் முகங்களுக்கிடையே பிறக்கும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் விசையையும் ஏற்கிறது. அழுத்தம் தளர்ந்தால் சக்கரம் நுண்ணிய அளவில் அசையும், போல்ட் வளைந்து வளைந்து களைத்து முறியும்.

அழுத்தம் வர மரை போதிய ஆழம் பிடிக்க வேண்டும். 911-இன் போல்ட் 14 மி.மீ. விட்டம், மரையின் இடைவெளி 1.5 மி.மீ. பழைய போல்ட்டையே வைத்துக்கொண்டு 5 மி.மீ. தட்டு போட்டால் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். 15 மி.மீ. போட்டால் பத்துச் சுற்று போய், போல்ட் பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும். ஜெர்மன் சான்று ஆவணங்கள் இந்த மரைக்குக் குறைந்தது ஏழரைச் சுற்றும், 12 மி.மீ. விட்டமும் அதே இடைவெளியும் உள்ள மரைக்கு ஆறரைச் சுற்றும் கேட்கின்றன. தட்டு எத்தனை மி.மீ.யோ அத்தனை மி.மீ. நீண்ட போல்ட் வாங்குவதே எளிய விதி. திருட்டைத் தடுக்கும் பூட்டுப் போல்ட்டையும் நீளமாக வாங்க வேண்டும் என்பது பலருக்குக் காரைத் தூக்கியபின்தான் நினைவுக்கு வரும்.

போல்ட் தலையின் அடிப்பக்கமும் முக்கியம். போர்ஷேயில் அது 14 மி.மீ. ஆரமுள்ள உருண்டை வடிவம். பிஎம்டபிள்யூவுக்கு 60 பாகை கூம்பு. ஒன்றில் மற்றதைப் போட்டால் மெல்லிய கோடு போலத்தான் தொடும், விரைவில் தளரும்.

நீளம் குறைந்தால் ஒரு கேடு, கூடினால் வேறு கேடு. 911-இன் பின்டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் ஹேண்ட் பிரேக்கின் ஷூக்கள் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய போல்ட் ஹப்பைத் துளைத்து அந்தப் பக்கம் வந்து அவற்றையும் ஸ்பிரிங்கையும் பிய்த்தெறியும்.

பொருத்தும் முறை

கார் சமதளத்தில், கியரில் நிற்கட்டும். தரையில் இருக்கும்போதே போல்ட்களை அரைச்சுற்று தளர்த்தி, எதிர்ச்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டும் ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் வைக்காமல் சக்கரத்தைக் கழற்றுவது கூடாது.

சக்கரம் கழன்றதும் தெரியும் ஹப்பின் முகத்தில்தான் பாதி வேலை. வட்டத்தின் ஓரத்திலும் நடுவளையத்தின் அடியிலும் பழுப்புத் துரு படலமாக ஏறியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும் உலோகம் தெரியும் வரை தேய்த்து, துணியால் துடைக்க வேண்டும். சக்கரத்தின் பின்முகத்துக்கும் இதே கவனிப்பு. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளின் தலை முகத்தைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. பிறகு தட்டை வெறுங்கையால் வைத்துப் பார்க்க வேண்டும். ஆடாமல், சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு தாள்துண்டு எங்காவது இடையில் நுழைந்தால், நடுவளையத்தின் அடியில் மீந்த துருவோ, தட்டின் உள்விளிம்பில் போதாத சரிவோ காரணம். போல்ட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று விடக் கூடாது. அப்படி உட்கார்ந்தது சில நூறு கிலோமீட்டரில் மீண்டும் அமுங்கி, இறுக்கத்தைத் தின்றுவிடும்.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். நடுவளையத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம்; அழுத்தம் ஏற்கும் முகங்களில் கூடாது. போல்ட் விஷயத்தில் கார்களுக்கிடையே வேறுபாடு உண்டு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உலர்ந்த மரையையே கேட்கிறார்கள். போர்ஷே, மரையிலும், தலைக்கும் அதன் அடியிலுள்ள உருண்டை வளையத்துக்கும் நடுவிலும் அலுமினியப் பசை லேசாகத் தடவச் சொல்கிறது; சக்கரத்தைத் தொடும் உருண்டை முகத்தில் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் அதே முறுக்கில் போல்ட் அதிகம் இழுபடும் என்பதால், அந்தந்தக் காரின் கையேடே இதில் இறுதி.

ஹப்பில் நிலையாக நிற்கும் மரைத்தண்டுகள் (ஸ்டட்) இல்லாத காரில் கனமான சக்கரத்தையும் தட்டையும் ஒரே நேரத்தில் துளைக்கு நேராகப் பிடிப்பது கஷ்டம். மேல்துளையில் மரையுள்ள கைடு பின் ஒன்றைத் திருகி, தட்டையும் சக்கரத்தையும் அதன்மேல் நழுவவிட்டால் வேலை சுலபம். செராமிக் பிரேக் உள்ள கார்களில் இது கட்டாயம். ரிம் இடித்து டிஸ்க்கின் ஓரம் தெறித்தால் அதன் விலை காரின் சொந்தக்காரரைத் தூங்கவிடாது. போல்ட்களை முதலில் கையால் மட்டும் திருகிச் சுற்றுகளை எண்ண வேண்டும். பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் விடுவித்து, மெதுவாகச் சுழற்றிக் காது கொடுக்க வேண்டும். உலோகம் உரசும் சத்தம் வந்தால் போல்ட் நீளம் அதிகம்.

நட்சத்திர வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, கார் தரைக்கு வந்தபின் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். 997-க்கு 130 நியூட்டன் மீட்டர், அடுத்து வந்த 991-க்கு 160. நடுவில் ஒரே நட்டு உள்ள 991 வகைகளுக்கு 600. அது வீட்டுக் கருவிக்கு அடங்கும் வேலையல்ல. காற்றுத் துப்பாக்கியால் கடைசி இறுக்கம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்ப்பது இந்த வேலையின் ஒரு பகுதியே.

முன்சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்பு ஆள் ஏற்றி மேடுபள்ளத்தில் ஓட்டி, மட்கார்டின் உள்விளிம்பில் டயர் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்டம்

ஐரோப்பிய விதிப்படி, சக்கர மையத்திலிருந்து முன்னோக்கி 30 பாகை, பின்னோக்கி 50 பாகை வரையான பகுதியில் டயரின் ஓடுமுகம் உடலால் மூடப்பட்டிருக்க வேண்டும். ஜெர்மனியில் தட்டு போட்டதும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரிடம் காட்டிச் சான்று பெறுவது வழக்கம். இல்லாவிட்டால் வாகனத்தின் ஓட்ட அனுமதியே செல்லாமல் போகக்கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

ஜெர்மானியர்கள் ஆண்டுக்கு இருமுறை கோடைச் சக்கரமும் குளிர்காலச் சக்கரமும் மாற்றுவார்கள். குளிர்காலச் சக்கரத்தைத் தட்டில்லாமல் மாட்டினால் பழைய குட்டை போல்ட்களுக்கே திரும்ப வேண்டும், நீண்டவை ஹேண்ட் பிரேக்கைப் போய்க் குத்தும். மாற்றுச் சக்கரம் எடுத்துச் செல்லும் கார்களுக்கும் இதேதான். அந்தப் பழைய போல்ட்கள் சக்கரத்தோடு டிக்கியில் இருக்க வேண்டும்.