பாஞ்சாலங்குறிச்சியில் நீங்கள் பார்ப்பது கட்டபொம்மன் கட்டிய கோட்டை இல்லை... அப்போ நிஜக் கோட்டை எங்கே?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் படித்த பலருக்கும் பள்ளிக்கூட டூர் என்றால் ஞாபகம் வருவது பாஞ்சாலங்குறிச்சிதான். காலையில் பஸ் ஏறினால் பந்தல்குடி, எட்டயபுரம், பிறகு குறுக்குச்சாலையில் திரும்பி ஓட்டப்பிடாரம் பக்கம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கோட்டை வாசலில் போட்டோ எடுத்து, உள்ளே சிலையைப் பார்த்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்போது நீங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்: "இங்கதான் கட்டபொம்மன் இருந்தாரா?"

இடம் இதுதான். ஆனால் கண்ணெதிரே நிற்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தது. அப்படின்னா பழைய கோட்டை என்ன ஆச்சு? கட்டபொம்மன் படையின் ஆயுதங்கள் எங்கே போச்சு? நம்ம அருப்புக்கோட்டைப் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

நினைவுக்கோட்டைக்குள் கட்டபொம்மன் சிலையும், அவர் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய சுவர் ஓவியங்களும் இருக்கின்றன. கோட்டையை ஒட்டி அவருடைய குலதெய்வமான வீரசக்கதேவி, அதாவது ஜக்கம்மா கோயில். பெரும்பாலானவர்கள் இதோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

நிஜமான பாஞ்சாலங்குறிச்சி, பக்கத்திலேயே தரையோடு தரையாகக் கிடக்கிறது. 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது. பழைய செங்கல் கட்டடங்களின் அடித்தளங்கள் வெளியே வந்தன. பார்ப்பதற்குப் பிரமாண்டம் எதுவும் கிடையாது. முழங்கால் உயரம்கூட இல்லாத செங்கல் வரிசைதான். ஆனால் கட்டபொம்மன் காலத்தைச் சேர்ந்த ஒன்றை நேரில் பார்க்கணும் என்றால் இங்கே அதுதான். குழந்தைகளை முதலில் இங்கே நிறுத்தி, பிறகு புதுக் கோட்டைக்குள் கூட்டிப் போங்கள். வரிசையை மாற்றினால் செங்கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பழைய கோட்டைக்கு என்ன ஆச்சு?

ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை இடிக்கப்பட்டது.

பழைய பாஞ்சாலங்குறிச்சி கோட்டை கல் கோட்டை இல்லை. மண் கோட்டை. அதை முற்றுகையிட்ட கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அதை விவரித்திருக்கிறார். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். சுமார் 12 அடி உயர மண்சுவர். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது. கேட்டால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் இந்தக் காய்ந்த சீமையின் ஒட்டு மண்ணை மிதித்துக் குழைத்துக் கட்டிய சுவருக்கு ஒரு குணம் உண்டு. கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் பிளந்து சரியும். மண்சுவரில் பட்டால் உள்ளே புதைந்துவிடும்.

1799 செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேன் படை தாக்கியபோது முதல் தாக்குதல் பலிக்கவில்லை. கூடுதல் படை வந்தது. கட்டபொம்மன் வெளியேறினார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டம் ஆனது. அது முதல் தடவை.

அதோடு முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. 1801 பிப்ரவரி 2-ம் தேதி, பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த தம்பி ஊமைத்துரை ஆட்களோடு தப்பித்தார். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தால், இடித்துப் போட்ட கோட்டை மறுபடி நிற்கிறது! சுவரின் மேல் ஆட்களும் நிற்கிறார்கள். ஆறே நாளில் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. கல் கோட்டையை ஆறு நாளில் கட்ட முடியுமா? மண்ணும் தண்ணீரும், நூற்றுக்கணக்கான கால்களும் கைகளும் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த ஆறு நாளில் மண் மிதித்தவர்கள் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை. கட்டபொம்மன் கதையில் பெரிய வீரம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

மார்ச் 31-ல் மெக்காலே தலைமையில் நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை பெரிய இழப்போடு பின்வாங்கியது. வெளியிலிருந்து படைகள் வரவழைக்கப்பட்டு, கர்னல் அக்னியூ தலைமையில் மே 24-ம் தேதி கோட்டை விழுந்தது. இந்த இரண்டாவது தடவை விட்டுவைக்கவில்லை. இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தச் சண்டைகளில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் அதையும் பாருங்கள். ஜெயித்தவர்களுக்குக் கல்லறை அப்போதே கட்டியாகிவிட்டது. தோற்றவர்களுக்கு நினைவுக்கோட்டை வர 1974 ஆனது.

வாள், ஈட்டி, வளரி எல்லாம் எங்கே?

போர் அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியில் ஆயுதங்கள் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். டெல்லியிலோ லண்டனிலோ அப்படித்தான். அங்கே அருங்காட்சியகம் வைத்திருப்பது ஜெயித்த ராணுவம். அதன் ஆயுதம் அதன் கையிலேயே இருந்தது. இங்கே நிலைமை நேர் எதிர்.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு மற்ற பாளையக்காரர்களுக்கு உத்தரவு போனது: கோட்டைகளை இடியுங்கள், ஆயுதங்களை ஒப்படையுங்கள். 1801 போர் முடிந்ததும் டிசம்பர் 1-ம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் மறுபடி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சரணடைந்தவர்களுக்கு மன்னிப்பு, ஆனால் ஆயுதம் ஏந்தக்கூடாது. பாளையங்களின் காவல் படைகள் கலைக்கப்பட்டன. தோற்றவர்களின் கோட்டை மட்டும் இல்லை, கருவியும் போனது. இந்தப் பூமியில் தோண்டினாலும் ஆயுதக் குவியல் கிடைக்காததற்கு இது முக்கியக் காரணம்.

வளரியைப் பார்க்கணும் என்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போகணும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் அந்தச் சேகரிப்பில் உண்டு. வளரி என்பது பிறை மாதிரி வளைந்த எறிகருவி. மேலே சொன்ன அதே வெல்ஷ், 1795 வாக்கில் மதுரையில் வேலை பார்த்தபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் வீசினால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாதாம். ஆறு வருடம் கழித்து, கற்றுக் கொடுத்தவருக்கு எதிராகவே அவர் படையில் வந்தார்.

கொஞ்சம் பக்கத்தில் வேண்டும் என்றால் ராமநாதபுரம். அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம். சேதுபதிகள் காலத்து ஆயுதங்களும், சேதுபதியும் தஞ்சை மராட்டியரும் மோதும் போர்க் காட்சிகளைக் காட்டும் 18-ம் நூற்றாண்டுச் சுவர் ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சி ஓவியம் நம் காலத்து ஓவியர் கற்பனை செய்தது. ராமநாதபுரம் ஓவியம், அந்தப் போரைக் கேட்டும் கண்டும் இருந்த தலைமுறை தீட்டியது. இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

நம்ம ஊர் வழியாகத்தான் போனாரா?

கதையின் ஆரம்பமே ராமநாதபுரத்தில்தான். 1798 மே 31 கணக்குப்படி கட்டபொம்மன் 3,310 பகோடா கிஸ்தி பாக்கி என்றது கம்பெனி. நேரில் வரச் சொன்ன கலெக்டர் ஜாக்சன், வந்தவரைப் பார்க்கவில்லை. குற்றாலம் போனார். கட்டபொம்மனும் பின்னாலேயே போனார். சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பாவாலி, கமுதி என்று 23 நாள், 400 மைல் அலைக்கழித்த பிறகு ராமநாதபுரத்தில் சந்திப்பு.

மேப்பை எடுத்துப் பாருங்கள். விருதுநகர் பக்கத்து பாவாலியிலிருந்து கமுதிக்குப் போகணும் என்றால் இந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலைத் தாண்டாமல் முடியாது. அதுவும் ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலில்!

1798 செப்டம்பர் 10. ராமலிங்க விலாசத்தில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்ததாகப் பதிவு இருக்கிறது. கைது செய்ய முயன்றபோது வாசலில் கைகலப்பு. கிளார்க் என்ற லெப்டினன்ட் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். 1959-ல் வந்த சிவாஜி படத்தில் இந்தச் சந்திப்புக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். படம் பேசாத ஒன்று உண்டு. கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கம்பெனி மூன்று பேர் விசாரணைக் குழு போட்டது. பிள்ளை விடுதலை ஆனார், ஜாக்சன் பதவி இழந்தார். அதாவது, வாளை எடுப்பதற்கு முன்னால் மனு எழுதியும் ஜெயித்திருக்கிறார்.

அந்தப் பிள்ளையின் முடிவு அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு ரொம்பப் பக்கம். அருப்புக்கோட்டையிலிருந்து விளாத்திகுளம் போகும் வழியில் இருக்கிறதே நாகலாபுரம், அங்கேதான் 1799 செப்டம்பர் 13-ம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள்.

திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு அடுத்துப் போகும் ஊர் கமுதி. சேதுபதிகள் கட்டிய கோட்டையின் மிச்சம் ஆற்றங்கரையில் நிற்கிறது. 1799-ல் மயிலப்பன் சேர்வைக்காரர் ஆட்கள் கமுதி, முதுகுளத்தூர் கம்பெனி அலுவலகங்களைத் தாக்கினார்கள். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் ஊமைத்துரை வந்து சேர்ந்ததும் கமுதிக்குத்தான். அங்கிருந்து சின்ன மருது அவரைச் சிறுவயலுக்கு அழைத்துப் போனார். அடைக்கலம் கொடுத்ததற்கு விலை பெரிது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ல் ஊமைத்துரைக்குப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே மரண தண்டனை. 1802-ல் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அதில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர், சின்னப் பையன். 1818-ல் பினாங்கு போன வெல்ஷ், அவரை ஆளே அடையாளம் தெரியாத நிலையில் சந்தித்ததாக எழுதியிருக்கிறார்.

அந்த மருது சகோதரர்கள் பிறந்தது எங்கே? திருச்சுழிக்குப் பக்கத்தில், நரிக்குடியை அடுத்த முக்குளம். நரிக்குடியில் அவர்கள் கட்டியதாக ஊர் சொல்லும் சத்திரமும் உண்டு. டூர் பஸ்கள் அதிகம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

எப்படிப் போகலாம்?

ஒரே நாளில் எல்லாம் முடியாது. முதல் நாள் தெற்கே: நாகலாபுரம், எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் மணிமண்டபமும் இருப்பதால் குழந்தைகளுக்கு இரட்டை லாபம். (எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. போருக்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கும் கிடைத்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் இன்றைக்கும் 'எட்டப்பன்' ஜோக் அடிப்பது நல்லா இருக்காது.) நேரம் மிச்சம் இருந்தால் சுந்தரலிங்கம் மணிமண்டபம் இருக்கும் கவர்னகிரிக்கும் எட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு நாள் கிழக்கே: திருச்சுழி, கமுதி, ராமநாதபுரம். அருப்புக்கோட்டையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 90 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்பினால் கமுதிக் கோட்டையை வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிடலாம். நரிக்குடி, முக்குளம் தனியாக ஒரு அரைநாள் வேலை.

மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழா. பல ஊர்களிலிருந்து ஜோதி ஏந்தி ஓடி வருவார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த நாள்களில் மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவதும், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைப்பதும் வழக்கம். குடும்பத்தோடு நிதானமாகப் பார்ப்பதற்கு ஏற்றது மார்கழி, தை. பாஞ்சாலங்குறிச்சி பழைய கோட்டைப் பகுதி திறந்த வெளி, நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு என்பதால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அது வெள்ளிக்கிழமை.