பாட்டும் எல்லையும்

கி.மு. 600ஐ ஒட்டிய காலத்தில் சலாமிசுத் தீவு யாருக்கு உரியது என்று ஏதென்சும் மெகாராவும் போரிட்டு வந்தன. தோல்வியால் சோர்ந்த ஏதெனியர், அத்தீவை மீட்கவேண்டும் என்று பேசுவோர்க்கு மரண தண்டனை விதித்தனர். சோலோன் என்னும் அறிஞர் பித்தரைப்போல் நடித்து, மன்றத்தில் பாட்டுப் பாடி மக்களை எழுப்பினார். பின்னர்த் தாமே படை நடத்தித் தீவை வென்றார் என்பது புளூட்டார்க் தரும் வரலாறு. வழக்கு இறுதியில் ஸ்பார்த்தாவின் நடுவர் ஐவரிடம் சென்றது. அங்கே சோலோன் ஓமரின் காவியத்தையே சான்றாகக் காட்டினார் என்பர்.

இதனைப் படிக்குந்தோறும் நம் திருத்தணியின் நினைவு எழுகிறது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. அதற்கு முன்பே இப்பகுதியில் தமிழ் கற்பித்து உணர்வூட்டியவர் மங்கலங்கிழார். அவர் அழைக்க வந்தவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம். வறுமையால் பள்ளிக் கல்வியை இடையில் விட்டு, அச்சுக்கோக்கும் தொழிலாளியாய் வாழ்ந்து, 1946இல் தமிழரசுக் கழகம் கண்டவர் அவர். அவரிடம் படையில்லை, மறியலும் சிறையும் இருந்தன. சோலோனுக்கு ஓமர் போல, அவருக்குத் தொல்காப்பியப் பாயிரமும் சிலப்பதிகாரமும் சான்றாயின. வேங்கடமே வட எல்லை என்றார்.

ஆயினும் நடுவராக வந்த எச்.வி. படாஸ்கர் நோக்கியது காவியத்தை அன்று. கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கு வாழ்வோரின் பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கினார். அதனால் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. வேங்கடம் சேரவில்லை, சத்தியவேடு நம்மிடமிருந்து ஆந்திரம் சென்றது. விதைத்த மங்கலங்கிழார் 1953லேயே மறைந்தார், விளைச்சலைக் காணவில்லை.

அப்படியானால் பாட்டு தோற்றதா? இல்லை. எல்லையை அளந்தது கணக்கு. அந்தக் கணக்கை எடுக்கச் செய்தது பாட்டால் எழுந்த மக்கள் உணர்ச்சி. உறங்கிய ஊருக்காக எந்த நடுவரும் வருவதில்லை.

வென்ற எல்லையை ஏதென்சு வாளால் காத்தது. நமக்கு அந்நிலை இல்லை. தணிகை மலையின் 365 படிகளிலும் இன்று தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. மாநிலத்தின் கோடு படிக்கட்டில் விழவில்லை. எல்லைப் போரை நினைவுகூரும் இலக்கிய அன்பர்கள் இதனையும் நினைத்தல் வேண்டும்: அண்டை மொழியாளரை வெறுக்கும் உரிமையை அப்போராட்டம் நமக்குத் தரவில்லை, நம் மொழியை நாள்தோறும் பயின்று காக்கும் கடமையையே தந்தது. அக்கடமையில் தவறினால், 1960இல் பெற்றது வெறும் நிலமாகவே எஞ்சும்.